காய்க்க ஒரு கை வேண்டும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் பூக்கடைகளில் காலையில் விற்பனையாகும் குண்டுமல்லி இன்னும் பூவாகவில்லை. விடியுமுன் கொல்லையில் பறித்த மொட்டு அது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே அந்த நெரிசலில் முழம் போட்டு வாங்கிப் போகிறவர்களுக்கு அதன் முழு மணம் கிடைக்க மாலையாகும். விளக்கு வைக்கிற நேரத்தில் தலையில் மலரும். அப்போதுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மணக்கும். செடியை விட்டுப் பிரிந்து பல மணி நேரமான பிறகும் மொட்டுக்குள் உயிர்க்கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தி வரும்வரை மொட்டை விரியவிடாமல் அது நிறுத்திவைக்கிறது.

வெள்ளை நிறம், அந்தியில் மலரும் பழக்கம், காற்றில் தூரம் போகும் இனிய மணம். இந்த மூன்றும் ஒரு பூவில் சேர்ந்திருந்தால் தாவரவியல் படித்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அந்துப்பூச்சி. மல்லியிலும் முல்லையிலும் சம்பங்கியிலும் மூன்றும் உண்டு. பகலில் பறக்கும் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் காட்டிப் பூக்கும் செடிகள் ஏராளம். இரவில் பறப்பவற்றுக்கு வெளிர்நிறமும் மணமும் போதும். மணத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்துப் பறந்து வரும் அந்துப்பூச்சி, அருகில் வந்ததும் கண்ணைப் பயன்படுத்துகிறது. அந்தக் கண்ணும் சாதாரணமானதல்ல. 2002இல் ஆல்முட் கெல்பரும் உடன் ஆய்ந்தவர்களும், ஒரு பருந்து அந்துப்பூச்சி வெறும் நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறங்களைப் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். அந்த இருட்டில் நம் கண்ணுக்கு எல்லாமே சாம்பல்தான்.

இத்தனை ஏற்பாடும் விதைக்காக. ஆனால் நாம் வாங்கும் பூக்களில் விதையிலிருந்து வந்தவை எத்தனை என்று கேட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். மல்லி பதியன் போட்டோ, கிளையை வெட்டி நட்டோ வளர்வது. சம்பங்கி கிழங்கிலிருந்து முளைப்பது. அரளிக்குக் குச்சி போதும். ‘டெல்லி கனகாம்பரம்’ என்று பெயர்போன ரகத்தின் செல்களில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் அது விதை கட்டாது. தண்டை வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. பூக்கூடைகளில் இருக்கும் பெரும்பாலான பூக்கள் மனிதக் கையால் மட்டுமே தலைமுறை தாண்டுகின்றன. பூச்சி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்ற நிலைக்கு அவை வந்துவிட்டன.

இந்த நிலை அதன் எல்லைவரை போன ஒரு செடியைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். நர்சரிகளில் ஏஞ்சல் ட்ரம்பெட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும் சிறு மரம். கிளையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் நீளமான எக்காளங்கள் தலைகீழாகத் தொங்கும். இருட்டத் தொடங்கியதும் அதன் மணம் அடுத்த வீட்டு மாடியை எட்டும். புருக்மான்சியா என்பது அதன் பேரினப் பெயர். நம் ஊமத்தையின் நெருங்கிய சொந்தம் என்பதால் இங்கே அதை மர ஊமத்தை என்றே அழைக்கிறேன்.

சொந்தம் என்றாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊமத்தை இடுப்பளவு செடி. பூ வானம் பார்த்து நிற்கும். காயில் முள் இருக்கும். காய் காய்ந்து வெடித்து விதை சிதறும். மர ஊமத்தை கட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் வாழும். பூ கீழே பார்க்கும். காயில் முள் கிடையாது, அது தானாக வெடிப்பதும் இல்லை. லின்னேயஸ் 1753இல் இதையும் ஊமத்தைப் பேரினத்திலேயே சேர்த்தார். 1805இல் பெர்சூன் அதைத் தனியே பிரித்து, புருக்மான்ஸ் என்ற டச்சு அறிஞரின் பெயரைச் சூட்டினார். அதன் பிறகும் நூற்றாண்டுக்கு மேல் இழுபறி. 1973இல் லாக்வுட் செய்த ஆய்வுக்குப் பிறகே அது தனிப் பேரினம் என்பது நிலைபெற்றது.

ஊமத்தை நம் வாழ்வில் எவ்வளவு ஊறியது என்று சொல்லத் தேவையில்லை. விநாயகர் சதுர்த்தி பூசைக்குரிய 21 இலைகளில் அதன் இலையும் ஒன்று. வெள்ளூமத்தை, கருவூமத்தை, ஒரு பூவுக்குள் இன்னொரு பூ செருகியதுபோல் இருக்கும் அடுக்கூமத்தை என்று வகை பிரித்துப் பெயர் வைத்திருக்கிறோம். தேவாரத்தில் சிவன் தலையில் கொன்றையோடும் எருக்கோடும் மத்தமும் இருக்கிறது. மத்தம் என்பது ஊமத்தைதான். இங்கே ஒரு புதிர் எழுகிறது. ஊமத்தையின் காட்டு உறவினர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கிறார்கள். கொலம்பஸ் கடல் தாண்டியது 1492இல். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சம்பந்தரும் அப்பரும் அந்தப் பூவைப் பாடியிருக்கிறார்கள் என்றால் அது எப்படி இங்கே வந்தது? கீதாவும் வலீத் கராய்பேவும் 2007இல் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. சமஸ்கிருத நூல்கள், அரபு மருத்துவ நூல்கள், சிற்பங்கள் ஆகியவற்றை அலசி, கொலம்பஸுக்கு முன்பே ஊமத்தை பழைய உலகில் இருந்தது என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த விவாதத்தில் தமிழ்ப் பதிகங்களுக்கு இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு செடியைப் பற்றி இவ்வளவு பழைய, இவ்வளவு அடிக்கடி வரும் சான்று வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

மர ஊமத்தைக்கு அப்படிப்பட்ட பழைய வரலாறு இங்கே இல்லை. அது தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடைக்கரைகளில் தானாகவே மண்டிக் கிடப்பதைப் பார்த்து அதை மலைக்குரிய செடி என்றே பலர் நினைக்கிறார்கள். அங்கே அது பரவுவது பெரும்பாலும் ஒடிந்த கிளைகளால். காய் கண்ணில் படுவது அரிது. கொடைக்கானலுக்குப் போய்வரும் புதுச்சேரிக்காரர்கள் ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவதும் அதனால்தான். விதை கேட்டால் கிடைக்காது.

அதன் சொந்த ஊரில் நிலைமை இன்னும் வியப்பானது. புருக்மான்சியாவில் ஏழு இனங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் ஏழும் ‘காட்டில் அற்றுப்போனவை’ என்ற வகையில் இருக்கின்றன. ஆண்டீஸ் மலைச்சரிவில் எங்கே பார்த்தாலும் தெரியும் ஒரு செடிக்கு இந்த வகைப்பாடா என்று முதலில் திகைப்பாக இருக்கும். அங்கே தெரிபவை எல்லாம் வேலியோரத்திலும் வீட்டு முற்றத்திலும் பழைய குடியிருப்புகளின் அருகிலும் இருப்பவை. யாரும் நடாமல், யாரும் வெட்டி வைக்காமல், விதையிலிருந்து தானே எழுந்து தலைமுறை தலைமுறையாக நிற்கும் கூட்டம் ஒன்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. தொங்கும் அந்தக் காயைத் தின்று விதையைத் தூரத்தில் போட்டுவந்த ஏதோ பெரிய விலங்கு முன்பே அழிந்துபோயிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். அந்த விலங்கின் இடத்தில் மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கு மக்கள் இதைச் செய்து காட்டியவர்கள். மருந்துக்காகவும் சடங்குக்காகவும் அவர்கள் வளர்த்த மர ஊமத்தைகளில், இலை நாடா போலச் சுருங்கியவை, விளிம்பு அரித்ததுபோல் இருப்பவை எனப் பல வடிவங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் பயன். அவற்றில் ஒன்று எவ்வளவு விநோதமாக இருந்தது என்றால், 1955இல் ரிச்சர்ட் ஈவான்ஸ் ஷுல்ட்ஸ் அதைப் புதிய பேரினம் என்றே அறிவித்தார். மர ஊமத்தையின் ஒரு வடிவம்தான் அது என்பது பின்னால் தெளிவானது. குச்சி நட்டே ஒரு செடியைப் பல தலைமுறை காப்பாற்றிவந்த உழவர்களின் கை ஒரு பெரிய தாவரவியலரையே ஏமாற்றும் அளவுக்கு வேலை செய்திருக்கிறது.

இனி நம் ஊர் மாடிக்கு வருவோம். மர ஊமத்தைக்கு இங்கே ஏன் காய் பிடிப்பதில்லை? பூச்சி இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. முழு உண்மை அதுவல்ல. ஆண்டீஸின் உயரத்தில் வளரும் செந்நிற மர ஊமத்தைக்கு மகரந்தம் சுமப்பது வாள்அலகுத் தேன்சிட்டு. அதன் அலகு சுமார் 10 செ.மீ., வாலை விட்டுப் பார்த்தால் உடலைவிட நீளம். அது நம்மிடம் இல்லை. வெள்ளைப் பூ பூக்கும் இனங்களுக்கோ பருந்து அந்துப்பூச்சிகள்தான். அவை நம்மிடம் உண்டு. அரளியிலும் நந்தியாவட்டையிலும் பச்சை உடலும் நீலக் கண் போன்ற பொட்டுமாக ஒரு தடித்த புழு இலையை மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பருந்து அந்துப்பூச்சியின் குழந்தை. எள் கொல்லையில் கொம்பு வைத்த பெரும் புழு இன்னொன்று. சர்க்கரைவள்ளியையும் அதன் இனக் கொடிகளையும் தின்று வளரும் மூன்றாவது ஒன்று, தன் உடலைவிட நீளமான உறிஞ்சுகுழலைச் சுருட்டி வைத்திருக்கும். அந்தியில் நீண்ட குழல் பூக்களின் முன்னே ஒரே இடத்தில் நின்று சிறகடித்துத் தேன் குடிப்பது பெரும்பாலும் அதுவே. ஆகவே மாடியில் பூச்சி வந்து போகும் வாய்ப்பு இருக்கவே செய்கிறது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. மர ஊமத்தையின் பெரும்பாலான இனங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. கத்தரிக் குடும்பத்தில் இந்த மறுப்பு நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. சூல்தண்டில் ஒரு நொதி சுரக்கிறது. வந்திறங்கிய மகரந்தம் அந்தச் செடியின் அடையாள மரபணுவையே தானும் வைத்திருந்தால், அது நீட்டும் குழாய்க்குள் நொதி புகுந்து ஆர்என்ஏவைச் சிதைத்து, வளர்ச்சியைப் பாதிவழியில் நிறுத்திவிடுகிறது. வேறு அடையாளம் கொண்ட மகரந்தம் என்றால் நொதியின் வேலை முறியடிக்கப்பட்டு, குழாய் சூலகம்வரை போகும். இப்போது ஒரு தெருவில் பத்து வீட்டில் மர ஊமத்தை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தும் ஒரே செடியிலிருந்து கைமாறிய குச்சிகள் என்றால், மரபணுக் கணக்கில் அங்கே இருப்பது ஒரே ஒரு செடி. பூச்சி பத்து வீட்டுக்கும் பறந்தாலும் காய் பிடிக்காது. நம் ஊமத்தைக்கு இந்தத் தொல்லை இல்லை; தன் மகரந்தமே போதும், ஆகவே குப்பைமேட்டில் தனியே நிற்கும் ஒற்றைச் செடியும் காய்த்துக் குலுங்குகிறது.

விதை வேண்டுமென்றால், முதலில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த இரண்டு செடிகள் வேண்டும். புதுச்சேரியின் வெப்பத்துக்கு எதைத் தேர்வது என்பதும் முக்கியம். செந்நிறப் பூக்காரி மலைக்குளிரில் பிறந்தவள். இங்கே வாட வேண்டாம், விட்டுவிடுங்கள். பிரேசிலின் தென்கிழக்குத் தாழ்நிலத்தைச் சேர்ந்த சுவாவியோலென்ஸ், எக்வடோரின் வெப்பமான சமவெளியைச் சேர்ந்த வெர்சிகலர், இவற்றின் கலப்பினங்கள் ஆகியவை தாங்கும். வெர்சிகலரின் பூ மலர்ந்த அன்று வெள்ளையாக இருந்து, அடுத்தடுத்த நாளில் வெளிர் ஆரஞ்சாக மாறும். ஒரே கிளையில் இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

குச்சி நடுவதற்கு அடைமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் வேர்விடுமுன் அழுகும். பென்சில் கனத்துக்கு மேல் முற்றிய குச்சி, இலையை எடுத்துவிட்டு, மணலும் மட்கிய தென்னைநார்க்கழிவும் கலந்த ஈரக் கலவையில் நிழலில் இருக்கட்டும். இந்தச் செடிக்கு ஒரு வளர்ச்சி ஒழுங்கு உண்டு. முதலில் ஒற்றைத் தண்டாக மேலே போகும். ஓர் உயரத்தில் கவட்டை போல இரண்டாகப் பிரியும். பூ அந்தக் கவட்டைக்கு மேல்தான் வரும். கவட்டைக்கு மேலிருந்து எடுத்த குச்சி சீக்கிரமாக, குட்டையாகவே பூக்கும். கீழிருந்து எடுத்தது முதலில் உயரம் போய்ப் பிறகே பூக்கும். மாடித் தொட்டிக்கு மேற்குச்சி, தரையில் மரமாக்க விரும்புகிறவருக்குக் கீழ்க்குச்சி. கவாத்து செய்யும்போது கவட்டைக்குக் கீழே வெட்டிவிட்டுப் பூவில்லையே என்று காத்திருப்பவர்கள் நிறைய. வெட்டு எப்போதும் கவட்டைக்கு மேலே நிற்க வேண்டும்.

தின்பதிலும் குடிப்பதிலும் இந்தச் செடி தாராளம். பெரிய தொட்டி, செம்மண்ணோடு மட்கிய தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு. நீர் தேங்காமலும், காயாமலும் பார்க்க வேண்டும். கோடையில் காலையும் மாலையும் ஊற்றினாலும் மதியம் இலை தொங்கும், மாலையில் நிமிர்ந்துகொள்ளும். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் இலை விளிம்பு கருகும். மழைநீர் சேமித்திருந்தால் அதை இதற்குக் கொடுங்கள். அக்கினி நட்சத்திரக் காலத்தில் பூவை எதிர்பார்க்க வேண்டாம். நிழல்வலைக்குள் உயிரோடு இருந்தால் போதும். இரவு சற்றுக் குளிரத் தொடங்கும் மார்கழியில் மொட்டுகள் ஒரே வீச்சாக வரும். இலையின் அடியில் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, வறண்ட காலத்தில் சிலந்திப்பேன் மூன்றுமே சேரும். தண்ணீரைப் பீய்ச்சி இலையடியைக் கழுவுவதும், வேப்பெண்ணெய்க் கரைசலும் பெரும்பாலும் போதும்.

மகரந்தச் சேர்க்கையை நாமே செய்ய, நாளை மலரும் என்று தோன்றும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். பருத்து, நிறம் வெளுத்து, நுனி முறுக்கு தளரத் தொடங்கியிருக்கும். தாய்ச்செடியாக நினைப்பதில் அந்த மொட்டின் பக்கவாட்டில் பிளேடால் நீளமாகக் கீறி, உள்ளிருக்கும் ஐந்து மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். தன் மகரந்தத்தை ஏற்காத செடிதானே, எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். சூல்முடி முழுக்கத் தன் மகரந்தமே படிந்துவிட்டால் வெளியிலிருந்து வருவதற்கு இடமிருக்காது. சுவாவியோலென்ஸில் ஐந்து பைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூல்தண்டைச் சுற்றி நிற்கும், பொறுமையாகப் பிரிக்க வேண்டும்.

தந்தைச்செடியில் அன்று மலர்ந்த பூவிலிருந்து, மாவாக உதிரும் மகரந்தத்தைப் பையோடு எடுத்து வந்து, சூல்முடியில் வெண்மஞ்சளாகப் படியும்வரை தடவுங்கள். தூரிகையைவிட மகரந்தப்பையையே பிடித்துத் தேய்ப்பது நன்றாகப் பிடிக்கிறது. இரண்டு செடியும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால் மகரந்தத்தை வெண்தாளில் மடித்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். அதில் பெயர் எழுதி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில், உணவோடு கலக்காமல் வைக்க வேண்டும். தடவிய பூவைப் பூச்சி அண்டாமல் மெல்லிய துணிப்பையால் மூடி, காம்பில் நூல் கட்டி, இரு பெற்றோரின் பெயரும் தேதியும் எழுதி வைத்துவிடுங்கள்.

அதன் பிறகு பூவுக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த பகுதி அதுதான். தூசியளவு மகரந்தத்துகள் ஒவ்வொன்றும் முளைத்து, ஒரு குழாயை நீட்டி, சூல்தண்டின் திசுவைத் துளைத்துக்கொண்டு கீழேயிருக்கும் சூலகத்தை நோக்கி வளர வேண்டும். வெர்சிகலரின் பூ 30 முதல் 50 செ.மீ. நீளம், சூல்தண்டும் ஏறக்குறைய அந்தத் தூரத்துக்கு நீள்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல், முழங்கை நீளத்துக்குத் தன்னை நீட்டிக்கொண்டு போய் ஆண் உட்கருவைச் சேர்க்கிறது. அது போய்ச் சேருமுன் எக்காளம் வாடிவிடலாம். ஆகவே வாடிய இதழைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே தண்டில் பயணம் நடந்துகொண்டிருக்கும்.

மகரந்தம் என்ற அந்தத் தூசிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வும் ஊமத்தை வழியாகவே, அதுவும் இந்தியாவில்தான் நடந்தது. 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஓர் ஊமத்தை இனத்தின் மகரந்தப்பையை ஊட்டச்சத்துக் கலவையில் வளர்த்தார்கள். கருவுறாத மகரந்தத்துகளிலிருந்தே குட்டிக் கருக்கள் எழுந்தன. பெற்றோர் இருவரின் குரோமோசோம் தொகுதிக்குப் பதிலாக ஒரே தொகுதி மட்டும் கொண்ட செடிகளை ஆய்வகத்தில் உண்டாக்கும் வழி அதில் திறந்தது. நெல்லிலும் கோதுமையிலும் புதிய ரகங்களை விரைவாக நிலைப்படுத்த இன்று பல நாடுகளில் பயன்படும் முறை அதிலிருந்து வளர்ந்ததே. அதற்கும் முன்னால், 1922இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியின் குழு ஒற்றைத் தொகுதிச் செடி இயற்கையில் தானே தோன்றியதைக் கண்டதும் ஊமத்தைப் பாத்தியில்தான்.

பூச்சியின் வேலையைக் கை எடுத்துக்கொண்ட கதைகளில் மிகப் பெரியது வனிலா. அதில் புதுச்சேரிக்கும் ஒரு நூலிழை உண்டு. 1819இல் பிலிபெர் என்ற கப்பல் தலைவரின் பயணத்தில் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வனிலாக் கொடி போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தில் செடிகளைப் பார்த்துக்கொண்டவர் சாமுவேல் பெரோத்தே. பிற்காலத்தில் நீலகிரியில் செடி சேகரித்து, புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றி, 1870இல் இந்த ஊரிலேயே இறந்தவர் அவர். ரீயூனியனில் வனிலா தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. மெக்சிகோவின் தேனீக்கள் அங்கே இல்லை. 1841இல் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், பூவின் உள்ளே தடுப்பாக நிற்கும் சிறு மடலைக் குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி மகரந்தத்தைச் சேர்த்தான். இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்கள் அந்த ஒரு விரலசைவில்தான் நடக்கின்றன. விடுதலைக்குப் பிறகு அல்பியுஸ் என்ற பெயரையும் பெற்ற அவருக்கு, அவர் உண்டாக்கிய செல்வத்தில் பங்கு கிடைக்கவில்லை, ஏழையாகவே இறந்தார். பெரோத்தேயின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

நஞ்சைப் பற்றிப் பேசாமல் இந்தச் செடியை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. இலை, பூ, விதை, வேர், தேன் என மர ஊமத்தையின் எல்லாப் பகுதியிலும் ஸ்கோபோலமின், ஹயோசயமின், அட்ரோபின் ஆகியவை உள்ளன. உள்ளே போனால் வாய் வறண்டு, முகம் சிவந்து, கண்மணி விரிந்து, இதயம் படபடத்து, இல்லாததைப் பார்த்துப் பேசும் மயக்கநிலை வரும், உயிரும் போகலாம். பூவைக் கோலத்தில் வைப்பது, தலையில் வைப்பது, குழந்தைக்கு விளையாடக் கொடுப்பது எதுவும் கூடாது. கீரைப் பாத்தியின் பக்கத்தில் நடக் கூடாது. ஆடு கட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். சேர்க்கை செய்யும்போது கையுறை போடுங்கள். பிறகு கையைச் சோப்பால் கழுவுங்கள். சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்த ஒரு கண்ணின் மணி மட்டும் அகன்று, பார்வை மங்கும். ஒரு கண்மணி மட்டும் விரிவது மூளைக்குள் இருக்கும் ஆபத்துக்கும் அடையாளம் என்பதால் மருத்துவர்கள் பதறிப்போவார்கள். செடியைத் தொட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், தின்ற பகுதியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதே அட்ரோபின்தான் நம் கிராமங்களில் எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகிறது. 1831இல் ஜெர்மனியின் மருந்தாளர் மைன் இதே குடும்பத்தின் பெல்லடோனா வேரிலிருந்து அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்து வருபவர்களின் நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு அடைக்கும்போது, அரசு மருத்துவமனையில் முதலில் ஏற்றுவது அட்ரோபின் ஊசியே. ஒன்று சுரப்பை வெள்ளமாக்குகிறது. மற்றது சுரப்பை வறளவைக்கிறது. அளவு தெரிந்த கையில் மட்டுமே அது மருந்து. வீட்டுத் தோட்டத்தில் அந்த அளவை யாராலும் கணிக்க முடியாது, ஒரே செடியின் இலைக்கு இலை நஞ்சின் அளவு மாறும்.

சேர்க்கை பலித்ததா என்று அறிய ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பலிக்காத பூ காம்போடு பழுத்து உதிரும். பலித்ததில் இதழ் வாடி விழுந்தும் காம்பு பச்சையாக நின்று, புல்லிவட்டத்துக்குள் சூலகம் விரல்போல் நீளத் தொடங்கும். சில செடிகள் முதல் ஆண்டில் எத்தனை முறை செய்தாலும் உதிர்த்துவிடும். வேரில் தண்ணீர் குறைந்தாலும், வெயில் ஏறினாலும் பிஞ்சு விழும். பிடித்த காய் பழுத்து மஞ்சளாகிச் சுருங்க நான்கைந்து மாதம், சில நேரம் அதற்கும் மேல். மார்கழியில் செய்த சேர்க்கையின் காய், புதுச்சேரியின் முழுக் கோடையையும் செடியில் தொங்கியே கடக்க வேண்டும். நிழல்வலையும் தண்ணீரும் அப்போதுதான் மிகவும் தேவை. ஒரு செடியில் இரண்டு மூன்று காய்க்கு மேல் விடாதீர்கள்.

காயைப் பறித்துப் பிளந்தால் உள்ளே தக்கை போன்ற தடித்த தோலுக்குள் விதைகள். அந்தத் தோலினால் விதை தண்ணீரில் மிதக்கும். சொந்த மண்ணில் ஆற்றோரமாக அது பயணம் செய்திருக்கும் என்று கருத இடமிருக்கிறது. விதைக்குமுன் ஒரு நாள் ஊறவைத்து, கையுறையோடு தக்கையை உரித்துவிட்டால் முளைப்பு சீராக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். இங்கேதான் குச்சிக்கும் விதைக்கும் உள்ள வேறுபாடு கண்ணெதிரே வருகிறது. ஒரே காயிலிருந்து வந்த நாற்றுகளில் ஒன்று இலை அகலமாக, ஒன்று குறுகலாக, ஒன்று சிலந்திப்பேனுக்கு எளிதில் இரையாகி, ஒன்று வெயிலைத் தாங்கி நிற்கும். நூற்றாண்டுகளாக ஒரே உடலாகக் கைமாறிவந்த செடிக்குள் அடங்கிக் கிடந்த வேறுபாடுகள் இவை. சித்திரை வெயிலில் இலை கருகாமல் நிற்கும் நாற்றைக் குறித்து வையுங்கள். முதல் பூ வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். பூத்ததும் அதன் மகரந்தத்தை அதே காயில் பிறந்த இன்னொரு வெயில் தாங்கிக்குத் தடவிப் பாருங்கள். உடன்பிறந்தவை என்றாலும் அடையாள மரபணு வேறுபட்டிருந்தால் ஏற்றுக்கொள்ளும். இந்தக் கடற்கரை ஊரின் வெப்பத்தில் பிறந்து வளர்ந்த மர ஊமத்தையின் இரண்டாம் தலைமுறை விதை அந்தக் காயில் இருக்கும். அதைக் காயவைத்து, பெற்றோர் பெயரும் ஆண்டும் எழுதிய தாள் உறையில், ‘நஞ்சு’ என்று பெரிய எழுத்தில் குறித்து, வளர்க்கத் தெரிந்த வேறொருவர் கையில் கொடுங்கள்.